குழந்தையிடம் ஒரு நல்ல பழக்கத்தை வளர்ப்பது எப்படி: நேர்மறை வலுவூட்டலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேர்மறை வலுவூட்டல் என்பது இவ்வளவுதான்: ஒரு செயல் முடிந்த கையோடு ஒன்று கிடைக்கிறது; அதனால் அந்தச் செயல் இனிமேல் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலானோர் இதில் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். கொடுத்தது சாக்லேட்டா, பாராட்டா, ஸ்டிக்கரா என்பது கணக்கே இல்லை. செயல் கூடியதா என்பதுதான் கணக்கு. கூடவில்லை என்றால் நீங்கள் பரிசு கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் எதையும் வலுவூட்டவில்லை.

ஐந்து முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றே: இரண்டாம் வகுப்புப் பையன், மாலையில் வீட்டுப்பாடம் என்றாலே உட்கார மறுக்கிறான். பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். எல்லோரும் பரிசில் ஆரம்பிக்கிறார்கள். பரிசு நான்காவது படி.

1. தொடங்கும் முன்

அந்த வேலையைக் குழந்தையால் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத குழந்தைக்கும், வாசிக்கவே திணறும் குழந்தைக்கும், போதுமான தூக்கம் இல்லாத குழந்தைக்கும் இந்த முறை பதில் ஆகாது. கண், காது பரிசோதனையும், சந்தேகம் இருந்தால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடும் முந்தி நடக்க வேண்டும். முடியாத வேலைக்குப் பரிசைக் காட்டினால் குழந்தை ஒவ்வொரு நாளும் தோற்றுப்போன உணர்வோடுதான் மேசையை விட்டு எழுந்திருக்கும்.

அடுத்தது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அம்மா ஒன்றைத் தீர்மானித்து, அப்பா அதை மறந்து, பாட்டி "பாவம் புள்ள" என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டால், செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். பாட்டி தாத்தாவைத் தடுக்கப் பார்க்காதீர்கள். பலனைக் கொடுக்கும் கையே அவர்களுடையதாக இருக்கட்டும். எப்போது கொடுப்பது என்பதை மட்டும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்று பார்த்தால் ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். வண்ணச் சார்ட்டெல்லாம் இப்போது வாங்க வேண்டாம்.

ஒரு எல்லையையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, தூக்கம், வழக்கமான விளையாட்டு நேரம், உங்கள் அணைப்பு ஆகியவை குழந்தை சம்பாதித்து வாங்க வேண்டியவை அல்ல. அவை எப்போதும் கிடைக்க வேண்டும். நீங்கள் பலனாக வைப்பது இவற்றுக்கு மேல் கூடுதலான ஒன்றாகவே இருக்க வேண்டும்.

2. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள்

"பொறுப்பு வரணும்", "ஒழுங்கா நடந்துக்கணும்" என்பவை ஆசைகள். செயல் என்றால், இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று ஒரே பதில் சொல்ல முடிய வேண்டும். நம் பையனுக்கு இப்படி எழுதலாம்: மாலை 6 மணிக்கு, ஒரு தடவை கூப்பிட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து, நடுவில் எழுந்து போகாமல் 15 நிமிடம் எழுதுவது.

இங்கே வரும் பெரிய தவறு, செய்யக் கூடாததைக் குறிக்கோளாக வைப்பது. "கத்தக் கூடாது", "ஓடக் கூடாது" என்பதை ஒரு மரப்பொம்மைகூட நிறைவேற்றிவிடும். எதுவும் நடக்காதபோது எதை வலுவூட்டுவீர்கள்? அதைத் திருப்பிப் போடுங்கள். "கத்தக் கூடாது" என்பது "வேண்டியதைச் சாதாரணக் குரலில் கேட்பது" என்று மாறட்டும். அப்போது கண்ணால் பார்த்துப் பிடிக்க ஒரு செயல் கிடைக்கும்.

பல் தேய்ப்பது, பை அடுக்குவது, தங்கையோடு சண்டை போடாதது என்று ஐந்தாறை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். எதற்குப் பலன் கிடைத்தது என்பது குழந்தைக்குத் தெளிவாகத் தெரியாது. உங்களாலும் ஐந்தையும் தினமும் கவனிக்க முடியாது.

3. ஐந்து நாள், எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஆர்வத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. என் அனுபவத்தில், இதைச் செய்தவர்களுக்குப் பாதிப் பிரச்சினை இங்கேயே புரிந்துவிடுகிறது.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். செயலுக்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தான், உடனே அதன்பின் என்ன நடந்தது. நம் பையனின் ஒரு மாலை இப்படி இருக்கலாம்:

6.00. அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். "வயிறு வலிக்குது" என்று அழுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்தி, பத்து நிமிடம் போன் கொடுத்தார்.

6.20. தானாகவே வந்து நாலு வரி எழுதினான். அம்மா நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்விட்டார்.

இப்போது கடைசிக் கட்டத்தை மட்டும் படியுங்கள். அழுகைக்கு அம்மாவின் அருகாமை கிடைத்தது, போன் கிடைத்தது, எழுதும் வேலையும் தள்ளிப்போனது. எழுதியதற்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்த அம்மாவும் எழுந்து போய்விட்டார். அப்படியானால் இந்த வீட்டில் வலுவூட்டல் தினமும் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

அம்மாவின் பக்கத்தையும் பாருங்கள். போனைக் கொடுத்ததும் அழுகை நின்றது. தொல்லை நீங்கியதால் அடுத்த தடவை அவர் இன்னும் சீக்கிரமாகப் போனைக் கொடுப்பார். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் கூடுவதைத்தான் எதிர்மறை வலுவூட்டல் என்கிறார்கள். பலர் நினைப்பதுபோல அது தண்டனை அல்ல. தண்டனை செயலைக் குறைப்பது, இது கூட்டுவது. ஆக, மகன் அழக் கற்றுக்கொள்கிறான், அம்மா விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கிறார். ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். இதில் யார்மீதும் குற்றம் இல்லை. அதனால்தான் "நீ குடுத்த செல்லம்" என்ற சண்டையை இந்த ஐந்து நாளாவது தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

பெரியவர்களின் கவனம் எவ்வளவு வலுவானது என்பதை 1964இல் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், எதற்கெடுத்தாலும் அழும் நான்கு வயதுச் சிறுவர்களை ஆசிரியர்கள் கவனித்தார்கள். சும்மா அழும்போது கண்டுகொள்ளாமல், வாயால் சொல்லிக் கேட்கும்போது மட்டும் உடனே கவனம் கொடுத்ததும் அழுகை வெகுவாகக் குறைந்தது. வேண்டுமென்றே பழைய முறைக்குத் திரும்பினார்கள், அழுகையும் திரும்பியது. மறுபடி மாற்றினார்கள், மறுபடி குறைந்தது. நிஜமாக அடிபட்டு அழுதபோது ஆசிரியர்கள் வழக்கம்போல ஓடிப்போய்ப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம்.

திட்டுவதும் கவனம்தான். நாள் முழுக்க வேலையாக இருக்கும் வீட்டில், அப்பா முகம் கொடுத்துப் பேசுவதே திட்டும்போதுதான் என்றால், திட்டு வாங்கும் செயல் கூடத்தான் செய்யும்.

ஒவ்வொரு நாளும் அவன் எத்தனை நிமிடம் உட்கார்ந்தான் என்றும் குறியுங்கள். 2, 0, 4, 3, 3 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். ஐந்தாம் படிக்கு இந்த எண்கள் இல்லாமல் போக முடியாது.

4. எது அவனுக்கு வலுவூட்டும் என்று கண்டுபிடியுங்கள்

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் டிவியில் பார்த்த பொம்மையைச் சொல்வான். அதைவிட, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் அவன் தானாக எதைத் தேடிப் போகிறான் என்று பாருங்கள். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த விதி இதுதான்: அடிக்கடி விரும்பிச் செய்யும் செயலை, அரிதாகச் செய்யும் செயலுக்குப் பின்னால் வைத்தால், அந்த அரிதான செயல் கூடும். "எழுதி முடி, அப்புறம் கேரம்" என்பதில் வரிசைதான் உயிர். "கேரம் ஆடிட்டு எழுதணும், சரியா?" என்று மாற்றினால் அது வெறும் வாக்குறுதி. எழுதுவதற்குப் பின்னால் எதுவுமே இல்லை.

நம் பையனுக்கான பட்டியல் இப்படி அமையலாம்: அப்பாவோடு கேரம் ஒரு ஆட்டம், பாட்டியிடம் ஒரு கூடுதல் கதை, சைக்கிளில் தெருவில் ஒரு சுற்று, அம்மா பக்கத்தில் நின்று தானே ஒரு தோசை ஊற்றுவது. பெரும்பாலும் காசு செலவே இல்லாதவை. எல்லாமே ஐந்து, பத்து நிமிடத்தில் முடிபவை. சிறியதாக இருக்கக் காரணம் இருக்கிறது: நிறைய கிடைத்தால் தெவிட்டிவிடும், தெவிட்டியது நாளை வலுவூட்டாது. ஐந்தாறு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

தேர்ந்தெடுத்தது வேறு வழியில் இலவசமாகக் கிடைக்கக் கூடாது. கேரம் எந்நேரமும் ஆடலாம் என்றால் அதற்காக யாரும் எழுதப் போவதில்லை.

போனைப் பலனாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொடுப்பது எளிது, திரும்ப வாங்கும்போது இன்னொரு போராட்டம் ஆரம்பித்துவிடும். தினமும் இனிப்பு என்பதும் வேண்டாம்.

"முதல் ரேங்க் வாங்கினா சைக்கிள்" என்ற பேரமும் இங்கே உதவாது. பலன் மாதக்கணக்கில் தள்ளி இருக்கிறது. ரேங்க் என்பது அவன் கையில் மட்டும் இருக்கும் செயலும் அல்ல.

5. முதல் படியைச் சின்னதாக வையுங்கள்

15 நிமிடம் உட்கார்ந்தால்தான் கேரம் என்று முதல் நாளே சொன்னால் அவனுக்குக் கேரம் கிடைக்கவே போவதில்லை. கிடைக்காத பலன் எதையும் வளர்க்காது. இப்போது அவனால் முடிவது எதுவோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நோட்டில் பாருங்கள்: பெரும்பாலான நாட்களில் 2 நிமிடமாவது உட்கார்கிறான். அப்படியானால் முதல் படி, கூப்பிட்டதும் நோட்டோடு வந்து 2 நிமிடம்.

அதன்பின் 4, 6, 9, 12, 15 என்று போகலாம். மூன்று நாள் தொடர்ந்து நடந்தால் ஒரு படி ஏற்றுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் முந்தைய படிக்கு இறங்குங்கள். இறங்குவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். படி உயரம் அதிகம் என்று அவன் உங்களுக்குச் சொல்கிறான், அவ்வளவே. புதிய படியை முந்தைய நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். மேசைக்கு வந்த பிறகு விதியை மாற்றக் கூடாது.

2 நிமிடம் என்றால் 2 நிமிடம்தான். மணி அடித்ததும் "நல்லா எழுதுறியே, இன்னும் ரெண்டு வரி எழுதிடு" என்று இழுப்பதை நிறையப் பார்க்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நன்றாகச் செய்தால் வேலை கூடும் என்பதை அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். அடுத்த நாள் மேசைக்கு வரும் வேகமே குறைந்துவிடும்.

மீதி வீட்டுப்பாடம் என்ன ஆவது என்று கேட்பார்கள். முதல் இரண்டு வாரம் அதைப் பழையபடியே எப்படியோ முடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வகுப்பு ஆசிரியரிடம் பேசிக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். வளர்க்கும் செயலையும் தினசரி அவசரத்தையும் ஒன்றாகக் கலக்காதவரை போதும்.

6. உடனே கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் கொடுங்கள்

பலன் எதை ஒட்டி வருகிறதோ அதைத்தான் வளர்க்கும். பையன் எழுதி முடிக்கிறான், நோட்டை வீசுகிறான், தங்கையின் சடையை இழுக்கிறான், அப்போது அப்பா வந்து "முடிச்சிட்டியா? வா, கேரம் ஆடலாம்" என்கிறார். அந்தக் கேரம் சடை இழுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். ஆரம்ப நாட்களில் செயலுக்கும் பலனுக்கும் இடையே சில விநாடிகளுக்கு மேல் போகக் கூடாது.

அப்பா வீடு திரும்ப எட்டு மணி ஆகும் என்றால்? நடுவில் ஒரு பாலம் வேண்டும். எழுதி முடித்ததும் அவன் கையில் ஒரு புளியங்கொட்டையையோ சோழியையோ கொடுங்கள். அது இரவு ஒரு கேரம் ஆட்டமாக மாறும். முதல் வாரத்தில் அன்றே மாற்றிக்கொடுத்துவிட வேண்டும். பழகிய பிறகு மூன்று, ஐந்து சேர்த்து மாற்றலாம். ஒருமுறை அவன் கைக்கு வந்ததை, பிறகு செய்த எந்தக் குறும்புக்காகவும் திரும்பப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அந்தக் கொட்டைக்கு மதிப்பே போய்விடும்.

பலனோடு வார்த்தையும் சேர்ந்து வர வேண்டும். பின்னால் பொருள் குறைந்துபோகும்போது நிலைத்து நிற்கப்போவது வார்த்தைதான். செய்ததை அப்படியே சொல்லுங்கள்: "கூப்பிட்டதும் நோட்டை எடுத்துட்டு வந்துட்டியே, கண்ணா!" "நீ புத்திசாலிடா" என்பதைத் தவிருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து முல்லர், ட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலித்தனத்துக்காகப் பாராட்டப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் தடுமாறிய பிறகு, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடக் குறைவாகவே தாக்குப்பிடித்தார்கள்.

பாராட்டுக்குள் குத்தலைக் கலக்காதீர்கள். "இன்னைக்காவது எழுதினியே, தினமும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்பது குழந்தையின் காதில் திட்டாகத்தான் விழும்.

"இது லஞ்சம் இல்லையா?" என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். அழுது புரள ஆரம்பித்த பிறகு "அழாத, சாக்லேட் தரேன்" என்றால் அது அழுகைக்குக் கிடைத்த கூலி. அமைதியாக இருந்த நேரத்தில் பேசி முடிவு செய்து, செயல் நடந்த பிறகு கொடுப்பது வலுவூட்டல். எப்போது பேசினீர்கள், எதன் பின்னால் கொடுத்தீர்கள் என்பதைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

7. அழுகை கூடும் நாட்களுக்குத் தயாராக இருங்கள்

இதுவரை அழுதால் போன் கிடைத்தது. இப்போது கிடைக்கவில்லை. உடனே அழுகை குறையாமல், முதலில் கூடக்கூடும். குரல் உயரலாம், பொருள் பறக்கலாம். பழைய பலன் நின்றதும் பழைய செயல் சற்று நேரம் வெறியோடு எழுவது ஆய்வுகளில் நன்கு பதிவான ஒன்று. "இந்த முறை எங்க புள்ளைக்குச் சரிவராது" என்று பெற்றோர் கைவிடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் போனைக் கொடுத்துவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். முன்பு ஐந்து நிமிட அழுகை போதுமாக இருந்தது. இனி நாற்பது நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் செயல், எப்போதும் கிடைக்கும் செயலைவிட அழிய நேரம் எடுக்கும். அதனால் விருந்தாளி வரும் வாரம், பரீட்சை வாரம், ஊருக்குப் போகும் வாரம் எதிலும் இதைத் தொடங்காதீர்கள்.

கண்டுகொள்ளாமல் இருப்பது என்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போவது அல்ல. அதே அறையில் இருங்கள். "அழுகை நின்னதும் நான் வரேன்" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அழுகை தணிந்த அந்த நொடியே திரும்பி, பக்கத்தில் போய்ப் பேசுங்கள். தணிந்ததற்குக் கிடைக்கும் பலன் அது.

தலையைச் சுவரில் இடித்துக்கொண்டாலோ, பிறரை அடித்தாலோ, நிஜமாகவே வயிறு வலித்தாலோ கண்டுகொள்ளாமல் இருக்கவே கூடாது. முதலில் பாதுகாப்பு. அதிகம் பேசாமல் தடுத்து, அருகில் இருந்து, அமைதியாகும் வரை காத்திருங்கள்.

8. பலனை மெல்லக் குறையுங்கள்

15 நிமிடம் இரண்டு வாரம் நிலையாக நடந்த பிறகுதான் இந்தப் படி. புதிதாகக் கற்க ஒவ்வொரு தடவையும் பலன் வேண்டும். கற்றது நிலைக்க இடைவிட்ட பலனே நல்லது. உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட விரிவான சோதனைகளில், எத்தனையாவது தடவை கிடைக்கும் என்று ஊகிக்க முடியாதபடி பலன் வந்தபோது செயல் சீராகவும் விடாமலும் நடந்தது. போன படியில் அழுகையை நீடிக்க வைத்த அதே விதி இங்கே உங்களுக்குத் துணை.

வாரத்தில் ஆறு நாளும் கிடைத்த கேரம், முதலில் நாலு நாள், அப்புறம் மூன்று, இரண்டு என்று குறையட்டும். எந்த நாள் என்று சொல்லி வைக்காதீர்கள். வார்த்தைப் பாராட்டு மட்டும் தொடரட்டும். "பழகிட்டானே" என்று ஒரேயடியாக நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. மறுபடி பழைய நிலைக்கே வந்து நிற்க நேரலாம்.

அவன் ஏற்கனவே ஆசையாகச் செய்யும் எதற்கும் பரிசு அறிவிக்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள் மூவரும், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையரில் ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு சான்றிதழ் பேச்சே இல்லாத சமயத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பையன் கணக்கை விரும்பிப் போடுகிறான் என்றால் அதைத் தொடாதீர்கள். கேரமெல்லாம் அவன் வெறுக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கு இருக்கட்டும்.

குறைக்கும் காலத்தில் இயல்பான பலன்களை அவன் கண்ணில் படும்படி செய்யுங்கள். சீக்கிரம் முடித்ததால் மாலையில் மிச்சமான நேரம், ஆசிரியர் போட்ட டிக், போன மாதத்துப் பக்கத்துக்கும் இந்த மாதத்துப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

9. நகரவில்லை என்றால்

இரண்டு வாரமாகியும் எண்கள் அசையவில்லை என்றால் பரிசைப் பெரிதாக்காதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள். முதலில், படி உயரமா? பாதியாகக் குறையுங்கள். அடுத்து, பலன் தாமதமாகிறதா? ஒரு நாள் யாராவது கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும். அப்புறம், அதே பலன் வேறு யாரிடமாவது சும்மா கிடைக்கிறதா? இவை எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால்தான் பலனை மாற்றுங்கள். அவன் விருப்பம் மாறியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் பிறகும் அசைவில்லை, அல்லது தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் செயல் இருக்கிறது என்றால், குழந்தை நல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ காட்டுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள். முன்னால் என்ன, செயல் என்ன, பின்னால் என்ன என்ற அந்த மூன்று கட்டங்கள் அவர்கள் முதல் நாளே உங்களிடம் கேட்கும் விவரங்கள்.